வீட்டுத் தோட்டத்தில் காரட்

தலைநகருக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தினர் தம் முதல் குளிர்காலத்தில் வியந்து நோக்கும் காட்சிகளுள் ஒன்று, தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும் சிவப்புக் காரட். நீலகிரியிலிருந்து இறங்கி வரும் ஆரஞ்சு நிறக் காரட்டையே காரட் என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம். டில்லிக் கடைத் தெருவில் மார்கழி மாதத்தில் காண்பதோ நீண்டு, நுனி கூர்ந்து, மாதுளை முத்தின் நிறம் கொண்டது. வடநாட்டார் இதைத் துருவிப் பாலில் வேகவைத்துச் செய்யும் அல்வாவைச் சுவைத்தபின், இந்தக் கிழங்கின்மேல் ஏற்படும் பற்று எளிதில் நீங்குவதில்லை.

இதை விலைக்கு வாங்கி உண்பது எளிது. வீட்டின் பின்புறம் சிறிதளவு நிலம் உள்ளவர்கள் விதையிலிருந்தே இதை விளைவித்துக் கொள்வதும் இயலாத காரியமன்று. எனினும், முயன்றவர்களுள் பலர் முதல் ஆண்டிலேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன காரணம், அதைத் தவிர்ப்பது எப்படி என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன். நான் வேளாண்மை கற்றவன் அல்லன்; கலைப் பட்டதாரி; மொழிபெயர்ப்பு என் தொழில். தோற்றுக் கற்றவன் என்ற ஒரு தகுதியே இதைப் பற்றிப் பேச எனக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குத் தரைத்தளத்தில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் வெறும் நிலம் சிறிது இருந்தது. தீபாவளி கழிந்த வாரத்தில் அதைக் கொத்தி, காரட் விதையைத் தூவி, ரப்பர்க் குழாயால் நிறைய நீர் பாய்ச்சினேன். ஐந்து நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று. மண்ணின் மேற்பரப்பு அப்பளம்போல் காய்ந்து வெடித்ததே அன்றி ஒரு முளையும் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் பொறுமை இழந்து, விதை பழுது என்று முடிவு செய்து, மேலாகக் கிளறி வெந்தயத்தைத் தூவிவிட்டேன். வெந்தயம் நான்கே நாளில் முளைத்து என் தீர்ப்பை உறுதி செய்தது.

மூன்று வாரம் சென்றபின், வெந்தயக் கீரையின் நடுவே இறகுபோல் நுணுகப் பிரிந்த இலைகள் கொண்ட செடிகள் சில தலைகாட்டின. களை என்று எண்ணிப் பிடுங்கக் குனிந்தேன். வேலிக்கு அப்பால் நின்றிருந்த அடுத்த வீட்டு மூதாட்டி கையமர்த்தித் தடுத்தார். அரியானாவின் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் அவர். நாங்கள் 'மாதாஜி' என்று அழைப்பது வழக்கம். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஐயத்துக்கு இடமின்றிக் காரட்டின் மணம்! எண்ணிப் பார்த்தேன், பதினேழு செடிகள் எஞ்சியிருந்தன. எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று அவர் கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். இன்னும் நான்கு நாள் காத்திருந்தால் பாத்தி நிறைந்திருக்குமே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். விதையில் பழுதில்லை, பழுது என்னிடமே இருந்தது.

காரட் விதை இவ்வளவு தாமதிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சீரகம், கொத்துமல்லி ஆகியவற்றோடு ஓமமும் பெருஞ்சீரகமும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது காரட். இக்குடும்பத்தின் விதைகளில், உள்ளிருக்கும் கருமுளை முழு வளர்ச்சி பெறுவதற்கு முன்பே விதை முற்றி உதிர்ந்துவிடுகிறது. மண்ணில் விழுந்து ஈரம் பெற்றபின், அக்கருமுளை விதைக்குள்ளேயே சில நாள் வளர்ந்து, அதன்பிறகே வெளியே வேர் நீட்ட வேண்டும். இதற்கு ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். வேர் நீட்டத் தொடங்கிய விதை ஒருநாள் உலர்ந்துபோனாலும் மடிந்துவிடும். அது மட்டுமன்று; விதை மிகச் சிறியதாதலால், இறுகிப்போன மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் வலிமை அதன் முளைக்கு இல்லை. ஆகவே, இந்தப் பயிரின் வெற்றியும் தோல்வியும் முதல் மூன்று வாரத்திலேயே முடிவாகிவிடுகின்றன. மற்ற வேலைகளில் சிறு தவறுகள் நேர்ந்தாலும் காரட் பொறுத்துக் கொள்ளும். அந்த மூன்று வாரத்தில் நேரும் தவறைப் பொறுக்காது.

இன்னொரு குணத்தையும் தொடக்கத்திலேயே நினைவிற்கொள்ள வேண்டும். கத்தரி, தக்காளிபோல் நாற்று விட்டுப் பிடுங்கி நடக் காரட் இடங்கொடாது. நாம் உண்ணும் பகுதி அதன் ஆணிவேர். முளைத்த முதல் சில வாரங்களில் அந்த வேர் நூல்போல் நேரே கீழிறங்கித் தன் நீளத்தைத் தேடிக்கொள்கிறது. பருப்பது அதற்குப் பின்னரே. இறங்கும் வழியில் கல் தட்டினாலும், பிடுங்கி நடும்போது நுனி அறுந்தாலும், வேர் இரண்டு மூன்றாகக் கிளைத்து, கால் முளைத்த பொம்மைபோல் ஆகிவிடும். ஆதலால் விளையும் இடத்திலேயே விதைக்க வேண்டும்; விதைப்பதற்கு முன்பே மண்ணைப் பண்படுத்திவிட வேண்டும்.

டில்லிக் குடியிருப்புகளின் நிலம் பல இடங்களில் யமுனையின் வண்டல் கலந்தது. இயல்பில் நல்ல மண். ஆனால் கட்டடம் கட்டியபோது எஞ்சிய செங்கல் துண்டுகளும், காரையும், கம்பித் துணுக்குகளும் அதற்குள் புதைந்து கிடக்கும். 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்தி முதல் முயற்சிக்குப் போதும். நாள் முழுதும் வெயில் படும் இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, மண் முழுவதையும் பழைய கம்பிச் சல்லடையில் சலித்து விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்குச் செலவாகும். அந்தச் செலவு வீண் போகாது. மண் களிப்பாக இருப்பின் ஆற்றுமணல் கலக்கலாம். சலித்த மண்ணைத் தரைமட்டத்துக்கு அரையடி உயரமாகக் கூட்டி மேட்டுப்பாத்தியாக அமைத்தால் வேர் தடையின்றி இறங்கும்.

எருவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நன்கு மக்கி, மணமற்று, மண்போல் பொடிந்த பழைய தொழு எருவையே இட வேண்டும். புதிய சாணமும் பாதி மக்கிய குப்பையும் வேரைக் கிளைக்கச் செய்யும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்து வேர் மெலியும். முந்திய மழைக்காலத்தில் வெண்டையோ வேறு காயோ பயிரிட்டு அதற்கு இட்ட எருவின் மிச்சமே காரட்டுக்குப் பெரும்பாலும் போதும். விறகுச் சாம்பல் கிடைத்தால் இரண்டு கைப்பிடி தூவுவது நன்மை தரும்.

இனி, எந்த வகையை எப்போது விதைப்பது என்பதைப் பார்ப்போம். காரட்டில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஆசிய வகைகள் சிவப்பும் கருஞ்சிவப்புமாக இருப்பவை. ஓரளவு வெப்பத்தையும் தாங்குபவை. இவற்றை டில்லியில் ஆவணி இறுதி முதல் ஐப்பசி வரை, அதாவது செப்டம்பரிலும் அக்டோபரிலும் விதைக்கலாம். ஐரோப்பிய வகைகள் ஆரஞ்சு நிறத்தவை, குளிர்ச்சியை விரும்புபவை. அவற்றுள் 'நான்ட்டீஸ்' என்பது புகழ்பெற்றது; நுனி மழுங்கி உருளையாக இருக்கும். இதை அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரை விதைக்கலாம். வேர் பருக்கும் காலத்தில் வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிறம் நன்றாக ஏறும். வெப்பம் மிகுந்தால் வெளிறிவிடும்.

விதைப் பொட்டலங்களில் 'பூசா' என்ற அடைமொழியை அடிக்கடி காண்பீர்கள். பூசா கேசர் என்பது உள்ளூர்ச் சிவப்பு வகையையும் நான்ட்டீஸ் வகையையும் கலந்து உருவாக்கியது. பூசா ருதிரா நடுத்தண்டு வரை சிவப்பேறியது. பூசா மேகாலி ஆரஞ்சு நிறம் கொண்டது. பூசா அசிதா கருநிறத்தது. இவற்றை உருவாக்கியது டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அந்நிலையம் 1905-ஆம் ஆண்டு பீகார் மாநிலத்துப் பூசா என்ற ஊரில் தொடங்கப்பெற்றது. 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அங்கிருந்த கட்டடங்கள் சிதைந்தமையால், 1936-இல் தலைநகருக்கு மாற்றப்பட்டது. இடம் மாறிய பின்னும் பிறந்த ஊரின் பெயரை அது விடவில்லை. டில்லியில் அந்தப் பகுதிக்கே பூசா என்று பெயர் நிலைத்துவிட்டது. சொந்த ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் முதலெழுத்தாகச் சுமந்து வடக்கே வந்திருக்கும் நம்மவர்க்கு இது புரியாத செய்தியன்று.

விதை வாங்கும்போது பொட்டலத்தின்மேல் அச்சிட்டுள்ள சோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். சான்று பெற்ற காரட் விதைக்கு வேண்டிய குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவிகிதமே. நூறு விதையில் நாற்பது முளைக்காமற் போனாலும் அது நல்ல விதைதான். ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதைகள் இருக்கும். நான் சொன்ன அளவுப் பாத்திக்கு 1 கிராமோ 2 கிராமோ போதுமானது.

விதைக்கும் முறை இது. முந்திய இரவே விதையைத் துணியில் முடிந்து நீரில் ஊற வையுங்கள். காலையில் நீரை வடித்து, நிழலில் சிறிது உலர்த்தி, நான்கு பங்கு மெல்லிய மணலோடு கலந்துகொள்ளுங்கள். மணல் கலந்தால் விதை ஓரிடத்தில் குவியாது. பாத்திக்கு முதல் நாளே நீர் விட்டு, ஈரப்பதமாக வைத்திருக்க வேண்டும். நீளவாக்கில் ஓரடி இடைவெளி விட்டு, விரல் நுனியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூன்று கோடுகள் கீறுங்கள். விதை கலந்த மணலை அவற்றில் சீராகத் தூவி, சலித்த எருவும் மணலும் கலந்த பொடியால் மெல்ல மூடுங்கள். தோண்டிய மண்ணையே போட்டு மூடினால் அது இறுகிவிடும். விதையோடு அங்கங்கே சில முள்ளங்கி விதைகளையும் ஊன்றி வையுங்கள். முள்ளங்கி நான்கைந்து நாளில் முளைத்துக் கோடு எங்கே இருக்கிறது என்று காட்டும். மண்ணின் மேலோட்டையும் உடைத்துக் கொடுக்கும். காரட்டுக்கு இடம் தேவைப்படும் முன்பே சமையலுக்கும் வந்துவிடும்.

பின்னர் நனைத்த கோணிச் சாக்கைப் பாத்தியின்மேல் விரித்து விடுங்கள். காலையும் மாலையும் குழாயில் நீர் வரும் வேளையில், பூவாளியால் சாக்கின்மீது நீர் தெளியுங்கள். ரப்பர்க் குழாயைப் பாத்தியின் பக்கமே கொண்டு செல்லாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். முள்ளங்கி முளைத்ததும் சாக்கைக் கோடுகளின் இடைவெளிக்கு ஒதுக்கிவிட்டுக் கோட்டின்மேல் நாள்தோறும் மெல்ல நீர் தெளித்து வாருங்கள். காரட்டின் முதல் இலைகள் இரண்டும் புல்லைப் போலவே ஒடுங்கி இருக்கும். அவற்றைக் களை என்று எண்ணிப் பிடுங்கியவர் பலர். மூன்றாவதாக வரும் இலையே இறகுபோல் பிரியும். அது தோன்றும் வரை கோட்டின்மேல் களை எடுக்காதிருப்பதே நலம். தோட்ட வேலைக்கு வரும் மாலியிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முளைத்தபின் செய்ய வேண்டியவற்றுள் மனத்துக்குக் கடினமானது கலைத்தல். அரும்பாடுபட்டு முளைக்க வைத்த நாற்றுகளைப் பிடுங்கி எறிய யாருக்கு மனம் வரும்? ஆயினும் நெருக்கமாக நிற்கும் காரட் பென்சில் பருமனுக்கு மேல் பருப்பதில்லை. செடி இரண்டங்குல உயரம் வந்ததும் ஒரு முறையும், மூன்று வாரம் கழித்து மற்றொரு முறையும் கலைத்து, செடிக்குச் செடி 6 சென்டிமீட்டர் இருக்குமாறு விடுங்கள். பிடுங்கும் முன் நீர் தெளித்தால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது. இரண்டாம் முறை பிடுங்கியவை விரல் பருமன் இருந்தால் சாம்பாரில் போட உதவும்.

அதன்பின் வேலை குறைவு. மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கும்படி நீர் விடுங்கள். பல நாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளம்போல் பாய்ச்சினால் வேர் நீளவாக்கில் வெடித்துவிடும். மண்ணுக்கு மேலே தெரியும் தோள்பகுதி வெயில் பட்டுப் பச்சையாகிக் கசக்கும். குர்ப்பி என்று இங்கே வழங்கும் களைக்கொத்தால் மண்ணை அணைத்து அதை மூடி விடுங்கள். விதைத்த 90 முதல் 110 நாளில் காரட் முதிர்ந்துவிடும். முழுவதையும் ஒரே நாளில் எடுக்க வேண்டுவதில்லை. குளிர்ந்த மண்ணே நல்ல சேமிப்பு அறை. வேண்டும்போது வேண்டியதைப் பிடுங்கலாம். ஆனால் மாசி மாத வெயில் ஏறுவதற்குள் எடுத்து முடிக்க வேண்டும். தாமதித்தால் நடுத்தண்டு நாராகிப் பூக்குருத்து கிளம்பிவிடும். சொன்ன அளவுப் பாத்தியில் 120 காரட்டேனும் தேறும். ஒன்று 80 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 9 கிலோவுக்குக் குறையாது.

மற்ற ஊர்களில் வசிக்கும் அன்பர்கள் பருவத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவிலும் புனாவிலும் மழை ஓய்ந்தபின் அக்டோபர், நவம்பரில் விதைக்கலாம். பெங்களூரு உயரமான இடமாதலால் ஆண்டின் பெரும்பகுதியும் ஏற்றதே. சிம்லா போன்ற மலையூர்களில் மார்ச்சு முதல் ஜூலை வரை விதைப்புக் காலம். மும்பை நண்பர்களுக்கு நிலம் ஏது? ஓரடி ஆழமுள்ள தொட்டியில் நவம்பரில் குட்டை ரகத்தை விதைத்துப் பலகணியில் வைக்கலாம்.

மலைப்பிரதேசங்களில் இருப்பவர்கள் காரட்டின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவனையும் வளர்த்துப் பார்க்கலாம். பார்ஸ்னிப் என்பது அதன் பெயர். வெளிறிய சந்தன நிறம், காரட்டின் வடிவம், வேகவைத்தால் இனிப்போடு சற்றே மசாலா மணம். உருளைக்கிழங்கு பரவுவதற்கு முன் ஐரோப்பியரின் குளிர்கால உணவில் இதற்குப் பெரிய இடம் இருந்தது. விதைக்கும் முறை காரட்டுக்குச் சொன்னதே. ஆனால் இது இரண்டு மடங்கு பொறுமை கேட்கும். முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம், முதிர நான்கைந்து மாதம். காரட் விதை உலர்ந்த இடத்தில் மூன்று ஆண்டு வரை கெடாது. பார்ஸ்னிப் விதையோ ஓராண்டிலேயே உயிர்ப்பை இழக்கத் தொடங்கும். ஆகவே ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும். உறைபனி பட்டபின் இதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிச் சுவை கூடும். இலையின் சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். களை எடுக்கும்போது கைகளை மூடிக்கொள்வது அவசியம்.

நம்மில் பலர் அரசாங்கக் குடியிருப்புகளிலோ வாடகை வீடுகளிலோ வாழ்கிறோம். மாற்றல் ஆணை எந்த ஆண்டு வருமோ, அடுத்த வீடு எங்கே அமையுமோ என்ற எண்ணத்தில், பின்புறத்து நிலம் நம்முடையதன்று என்று வெறிதே விட்டுவிடுகிறோம். மாமரம் வைத்துக் கனி காண நமக்கு அவகாசம் இல்லாமற் போகலாம். காரட்டுக்கு ஒரு குளிர்காலம் போதும். தீபாவளிக்குப் போட்ட விதை தைப்பொங்கல் கழிந்து சில வாரங்களில் தட்டுக்கு வந்துவிடும். சலித்துப் பண்படுத்திய மண் நமக்குப்பின் அவ்வீட்டுக்கு வருபவருக்கும் பயன்படும்.

என் வீட்டில் அந்த முதல் ஆண்டுப் பதினேழு காரட்டுகளுள் பதினோரு காரட்டுகள் கல்லில் தட்டிக் கிளைத்தவை. அவற்றையும் வீணாக்காமல் துருவி அல்வாச் செய்து, முதல் கிண்ணத்தை வேலிக்கு அப்பால் கொடுத்தோம். அடுத்த ஆண்டு மண்ணைச் சலித்தேன், சாக்கு விரித்தேன், பதினாறாம் நாள் காலையில் மூன்று கோடுகளும் பச்சையாக எழுந்து நின்றன. விதைத்துவிட்டுக் காத்திருக்கும் அன்பர்கள் பன்னிரண்டாம் நாளில் மண்வெட்டியைக் கையில் எடுக்க வேண்டா; பூவாளியை எடுங்கள்.